பஞ்சுத் தாடிக்குப் பின்னே

திருவருகைக் காலம் தொடங்கியதும் செஞ்சி வட்டாரத்துச் சிற்றூர்களின் மாலைப் பொழுதுகள் கலகலப்படைகின்றன. பங்கு இளைஞர்கள் டிரம்மும் கஞ்சிராவும் முழங்க, கிறிஸ்து பிறப்புக் கீதங்களைப் பாடியவண்ணம் வீடு வீடாகச் செல்கின்றனர். அவர்களுக்கு முன்னே சிவப்பு அங்கி, முகமூடி, இடுப்பில் கட்டிய தலையணை, நெஞ்சுவரை தொங்கும் பஞ்சுத் தாடி ஆகியவற்றோடு ஒருவர் ஆடி வருகிறார். அவர் கை நிறைய மிட்டாய். அவரைச் சுற்றி ஊர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும். கிறிஸ்தவப் பிள்ளை, இந்துப் பிள்ளை, சமணப் பிள்ளை என்ற வேறுபாடு அங்கே இல்லை. கிறிஸ்துமஸ் தாத்தா எல்லாருக்கும் தாத்தா.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய கீதபவனி ஒன்றோடு நாமும் சென்றிருந்தோம். திரும்பும் வழியில் மேல்சித்தாமூரில், தேரடியில் சற்று இளைப்பாறினோம். மேல்சித்தாமூர் தமிழ்ச் சமணரின் தலைமை மடமாகிய சினகாஞ்சி மடம் அமைந்த ஊர்; பார்சுவநாதர் கோயிலும் மல்லிநாதர் கோயிலும் அதன் பெருமைகள். பாட்டொலி கேட்டு அவ்வூர்ப் பிள்ளைகளும் கூடிவிட்டனர். எங்களோடு வந்த சிறுவன் ஒருவன் தாத்தாவின் கால்களைச் சுட்டிக்காட்டி, "இது எங்க மாமா. செருப்பைப் பாருங்க!" என்று கூவினான், கூவிய கையோடு மிட்டாய்க்கும் கை நீட்டினான். எல்லாரும் சிரித்தோம். ஆனால் ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி சிரிக்கவில்லை. "தாத்தா எங்கேயிருந்து வர்றாரு?" என்று கேட்டாள். எங்களுள் ஒருவர், "வானத்துல இருந்து, மான் பூட்டின வண்டியில வர்றாரு. நல்ல பிள்ளைங்களா இருந்தா ராத்திரி வந்து பரிசு வச்சிட்டுப் போவாரு" என்றார். அவள் விழிகள் விரிந்தன.

இதனைத் திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நயினார் பெரியவர் ஒருவர் எழுந்து வந்தார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. வேசம் கட்டி ஆடறது கூத்து, அதுல குத்தமில்லை. ஆனா வானத்துல இருந்து வர்றார்னு சொன்னீங்களே, அந்தக் குழந்தை நம்பிடுச்சே, அது பொய்யாகாதா? அதோட, பரிசு வராத பிள்ளை தன்னைப் பத்தி என்ன நினைக்கும்?" என்று கேட்டார்.

இரு கேள்விகள். இரண்டுக்கும் அன்று நம்மிடம் விடையில்லை. சிரித்து மழுப்பிவிட்டு வந்தோம். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் திசம்பர் பிறக்கையில் அவை நம்மைத் தொடர்ந்து வருகின்றன. ஆதலின் அவற்றை இங்கு வாசகரோடு சேர்ந்து சிந்திக்க விழைகிறோம்.

யார் இந்தத் தாத்தா?

முதலில் தாத்தாவின் பூர்வீகத்தை அறிவோம். இன்றைய துருக்கி நாட்டைச் சேர்ந்த மிரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக விளங்கியவர் புனித நிக்கோலாஸ். அவருடைய திருநாள் திசம்பர் 6. அவருடைய திருப்பண்டங்கள் 1087-இல் இத்தாலியின் பாரி நகருக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அவரைப் பற்றி வழங்கும் நிகழ்ச்சிகளுள் தலையாயது ஒன்றுண்டு. வறுமையுற்ற தந்தை ஒருவர், தம் மூன்று மகள்களுக்கும் சீர் கொடுத்து மணமுடிக்க வழியின்றி, அவர்களை இழிதொழிலுக்கு அனுப்பும் நிலைக்கு வந்துவிட்டார். நிக்கோலாஸ் இரவில் யாருமறியாமல் அவ்வீட்டிற்குள் பொன் முடிப்பை எறிந்துவிட்டுச் சென்றார். மூன்றாம் முறை தந்தை விழித்திருந்து அவரைக் கண்டுகொண்டார். அப்போது புனிதர் வேண்டியது ஒன்றே: இதனை எவரிடமும் சொல்லலாகாது என்பதே.

இந்தப் புனிதரே ஒல்லாந்து நாட்டில் பிள்ளைகளுக்குப் பரிசு தரும் 'சின்டர்கிளாஸ்' ஆனார். அமெரிக்காவில் 1823-இல் வெளிவந்த பாடல் ஒன்று அவருக்கு மான் வண்டியைக் கொடுத்தது. தாமஸ் நாஸ்ட் என்னும் ஓவியர் 1863 முதல் வரைந்த படங்கள் தாடியையும் தொந்தியையும் நிலைநிறுத்தின. 1931 முதல் கொக்கோ கோலா விளம்பரங்களில் ஹாடன் சண்ட்புளோம் தீட்டிய உருவம் உலகெங்கும் பரவியது. இந்த நெடும் பயணத்தில் ஆயரின் தொப்பி போயிற்று, சிலுவை போயிற்று. இன்று நகரத்துத் துணிக்கடை வாயிலில் நின்று கைகுலுக்கும் தாத்தாவைக் கண்டு, அவர் ஓர் ஆயர் என்று யார் சொல்வார்?

செஞ்சிக்கு நிக்கோலாஸ் என்னும் பெயர் புதிதன்று என்பதையும் இங்கே நினைவுகூரலாம். 1597-இல் செஞ்சிக்கு வந்து, கிருஷ்ணப்ப நாயக்கரைக் கண்டு, கோட்டையின் பெருமையை எழுதிவைத்த இயேசு சபைக் குரு பிமெந்தாவின் பெயரும் நிக்கோலாஸே. பெயர் நமக்குப் பழையது. சிவப்பு அங்கிதான் புதியது.

பொய்யா, புனைவா?

பெரியவரின் முதற் கேள்விக்கு வருவோம். இது பொய்யாகாதா?

திருச்சபையில் இக்கேள்வியை எவரினும் கூர்மையாக ஆராய்ந்தவர் புனித அகுஸ்தினார். பொய்யைப் பற்றி அவர் இரு தனி நூல்களே எழுதினார். ஏமாற்றும் எண்ணத்தோடு பொய்யானதைச் சொல்வதே பொய் என்பது அவருடைய முடிவு. நன்மைக்காகச் சொன்னாலும் பொய் பொய்யே என்பதில் அவர் சற்றும் இளகவில்லை. 1992-இல் வெளியிடப்பட்ட கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் (எண் 2482) இவ்வரையறையையே எடுத்தாள்கிறது. எனினும் அதே அகுஸ்தினார் வேடிக்கைப் பேச்சைப் பொய்க் கணக்கில் சேர்க்கவில்லை. சொல்பவரின் குரலும் முகமுமே அது விளையாட்டு என்று காட்டிவிடுகின்றன அன்றோ? எம்மாவு சாலையில் உயிர்த்த ஆண்டவர் இன்னும் தொலைவு செல்பவர்போல் காட்டிக்கொண்டதை விளக்குகையில், ஓர் உண்மையைக் குறிக்கும் புனைவு பொய்யாகாது என்றும் அவர் எழுதினார். புனித தோமா அக்குவினாசும் இதனை ஏற்கிறார். இல்லையேல் ஆண்டவர் சொன்ன உவமைகளின் கதி என்னாவது? நல்ல சமாரியன் எந்த ஊரினன் என்று நாம் கேட்பதில்லையே!

இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள நாம் உரோமைக்குச் செல்ல வேண்டுவதில்லை. செஞ்சியின் தெருக்கூத்தே போதும். திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடியப் பாரதக் கூத்து நடக்கிறது. கட்டியக்காரன் வந்து கட்டியம் கூறுகிறான், திரை விலகுகிறது, கிரீடமும் புயக்கட்டையும் அணிந்து துரியோதனன் தோன்றுகிறான். அவன் பகலில் ஏரோட்டுபவன் என்பது முன்வரிசையில் சாக்கு விரித்து அமர்ந்திருக்கும் சிறுவனுக்கும் தெரியும். தெரிந்தும் அவன் நடுங்குகிறான், தெரிந்தும் அழுகிறான். அங்கே எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஆடுபவரும் காண்பவரும் சேர்ந்து செய்துகொண்ட உடன்படிக்கை அது.

"எங்க மாமா, செருப்பைப் பாருங்க" என்று கூவிய சிறுவனும் அந்த உடன்படிக்கைக்குள் இருப்பவனே. அவனுக்குத் தாத்தாவும் வேண்டும், மாமாவும் வேண்டும். இரண்டும் சேர்ந்ததே அவன் மகிழ்ச்சி. நம் நாட்டு ஊர்ப்புறக் கிறிஸ்துமஸ் தாத்தா பெரும்பாலும் இத்தகையவரே. புகைபோக்கி வழியாக இறங்கும் காணாத மனிதரல்லர். தெருவில் ஆடும் கூத்துக்காரர். ஆகவே வேடம் பொய்யன்று என்று நயினார் சொன்னது அகுஸ்தினாருக்கும் உடன்பாடே.

ஆனால் அந்தச் சிறுமியின் நிலை வேறு. அவள் விளையாடவில்லை; அறிய விரும்பிக் கேட்டாள். கூத்தின் திரைக்கு வெளியே நின்று கேட்கப்பட்ட கேள்வி அது. அதற்கு நாம் கொடுத்த விடை, அவள் நம்ப வேண்டும் என்றே கொடுக்கப்பட்ட விடை. வேடம் முடிந்து பொய் தொடங்குமிடம் இதுவே என நமக்குத் தோன்றுகிறது: குழந்தை உள்ளபடியே அறியக் கேட்கும் அந்த ஒரு கணம்.

"சம்மனசும் அப்படித்தானா?"

இவ்வளவு சிறு செய்திக்கு இத்தனை ஆராய்ச்சி வேண்டுமா என்று சிலர் எண்ணலாம். நாமும் அவ்வாறே எண்ணியிருந்தோம். நம் இல்லத்திலும் பிறப்பு விழா இரவில் தாத்தா வருவார் என்று சொல்லியே பிள்ளையை உறங்க வைத்தோம். அவனுக்கு ஏழு வயதானபோது, பரண்மேல் ஒளித்துவைத்த பொம்மைப் பெட்டியை விழாவுக்கு முன்பே கண்டுவிட்டான். அழவில்லை, கோபிக்கவுமில்லை. இரவு செபம் முடிந்ததும் மெல்லக் கேட்டான்: "அப்பா, காவல் சம்மனசும் அப்படித்தானா?"

அன்று நாம் திகைத்தது போல் என்றும் திகைத்ததில்லை. குழந்தைக்கு இறைவனைப் பற்றி முதலில் சொல்பவர் யார்? பெற்றோர். காவல் தூதரைப் பற்றியும், நற்கருணையில் ஆண்டவர் எழுந்தருளியிருப்பதைப் பற்றியும் சொல்பவர் யார்? அதே பெற்றோர். இவற்றுள் எதையும் குழந்தை கண்ணால் கண்டு நம்புவதில்லை. நம் சொல்லை நம்பியே நம்புகிறது. காணாத தாத்தாவையும் காணாத தூதரையும் ஒரே வாயால், ஒரே குரலில், ஒரே இரவில் சொல்லிவிட்டு, ஒன்று கதை, மற்றொன்று மெய் என்று குழந்தையே பிரித்தறிய வேண்டும் என எதிர்பார்ப்பது எவ்வகையில் நியாயம்?

இன்னொன்றும் எண்ணத் தக்கது. ஏழு வயது நிறைந்தவர் பகுத்தறியும் ஆற்றல் உடையவராகக் கருதப்படுவர் என்கிறது திருச்சபைச் சட்டம் (97). திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1910-இல் புதுநன்மைக்கு உரிய வயதாகக் குறிப்பிட்டதும் ஏறத்தாழ அதுவே. பொய் சொல்வது பாவம் என்று மறைக்கல்வி வகுப்பில் நாம் கற்பிக்கும் வயதும், தாத்தா மெய்யா என்று பிள்ளை கேட்கத் தொடங்கும் வயதும் ஒன்றாகவே அமைகின்றன. பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முதன்முறை செல்லும் பிள்ளை, "அம்மாவிடம் பொய் சொன்னேன்" என்று சொல்லும். அம்மா என்ன சொல்வாள்?

மறுப்பவர் சொல்வது

இதற்கு மறுப்பாகச் சொல்லப்படுவதையும் கேட்க வேண்டும். ஆங்கிலக் கத்தோலிக்க எழுத்தாளர் செஸ்டர்ட்டன், 1908-இல் வெளியிட்ட தம் நூலொன்றில், தாத்தாவைப் பெரிதும் போற்றினார். காலுறைக்குள் பொம்மை வைத்தவருக்கு நன்றி சொல்லப் பழகிய குழந்தை, வளர்ந்தபின் அக்காலுறைக்குள் கால்களையே வைத்தவருக்கு நன்றி சொல்லும் என்பது அவர் கருத்து. இது ஆழ்ந்த கருத்து. தகுதி பாராது வரும் கொடையைப் பெற்று வியக்கும் உள்ளம் இறையருளை ஏற்கவும் ஆயத்தமாகிறது. இவ்வுண்மையை நாம் மறுக்கவில்லை. ஆனால் கொடுத்தவர் தந்தை என்று தெரிந்தால் அந்த வியப்பு குறைந்துவிடுமா?

1897-இல் நியூயார்க்கின் 'சன்' நாளிதழுக்கு வர்ஜீனியா என்னும் எட்டு வயதுச் சிறுமி எழுதிய மடல் புகழ் பெற்றது. தாத்தா இல்லை எனத் தோழியர் சொல்கின்றனர், உண்மையைச் சொல்லுங்கள் என்று அவள் கேட்டாள். இதழ் அழகான தலையங்கம் எழுதி, உண்டு என்று விடையளித்தது. அன்பும் ஈகையும் உள்ளவரை அவரும் உண்டு என்ற அக்கருத்து நெஞ்சைத் தொடுவதே. எனினும், உண்மையைச் சொல்லுங்கள் என்று கேட்ட குழந்தைக்கு அது உண்மையைச் சொல்லியதா?

உண்மையைச் சொல்வதிலும் முறை வேண்டும் என்பதற்கும் சான்றுகள் உள்ளன. 1951 திசம்பர் 23 அன்று பிரான்சின் திழோன் நகரில், குருக்களின் இசைவோடு, கிறிஸ்துமஸ் தாத்தாவின் உருவத்தைப் பேராலய முற்றத்தில் நூற்றுக்கணக்கான குழந்தைகளின் கண்முன்னே எரித்தனர். மறுநாளே அவர் நகர மன்றக் கூரைமேல் மீண்டும் தோன்றினாராம்! 2021 திசம்பரில் சிசிலித் தீவின் நோத்தோ மறைமாவட்ட ஆயர், புனித நிக்கோலாசின் விழாவை ஒட்டிக் குழந்தைகளிடம் தாத்தா என ஒருவர் இல்லை என்றார். பெற்றோர் கொதித்தெழ, மறைமாவட்டம் வருத்தம் தெரிவித்தது. ஆயர் விரும்பியது புனிதரின் ஈகையை நினைவூட்டவே. ஆனால் கேளாத குழந்தைக்கு, பெற்றோரைக் கடந்து, கூட்டத்தில் சொல்லப்பட்ட உண்மை கனியாமல் வெம்பிற்று. தாத்தாவின் சிவப்பு நிறம் கோலா நிறுவனம் கொடுத்தது என்றும் ஆயர் அங்குக் குறிப்பிட்டார்; சிவப்பு அங்கி அதற்கு முன்பே ஓவியங்களில் இருந்தது. பொய்யைக் களையும்போதும் சொல்லில் கவனம் வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு பாடம்.

அறிய உரிமையில்லாதவருக்கு எல்லா உண்மையையும் வெளிப்படுத்தும் கடமை எவருக்கும் இல்லை என்றும், மௌனமும் நிதானமான சொல்லும் தகும் என்றும் மறைக்கல்வி நூல் (எண் 2489) உரைக்கிறது. மூன்று வயது மழலையிடம் தாத்தாவின் வரலாற்றை விரித்துரைக்க வேண்டுவதில்லை. மறைத்தல் வேறு, பொய்த்தல் வேறு. புனித நிக்கோலாஸ் தம்மை மறைத்தார். வேறெவரோ கொடுத்தார் என்று சொல்லவில்லை.

பரிசு வராத பிள்ளை

இனி நயினாரின் இரண்டாம் கேள்வி. உண்மையில் முதலாவதைவிட இதுவே கனமானது என்பதை நாம் பிந்தியே உணர்ந்தோம்.

சமண இல்லறத்தார் ஏற்கும் ஐந்து அணுவிரதங்களுள் ஒன்று வாய்மை. தமிழில் அருங்கலச்செப்பு முதலிய நூல்கள் இவ்வொழுக்கத்தை உரைக்கின்றன. அந்த மரபில் வாய்மையும் கொல்லாமையும் இணைபிரியாதவை. சொல் மெய்யா என்பதோடு, அச்சொல்லால் ஓர் உயிருக்குத் தீங்கு விளையுமா என்பதும் கேட்கப்படுகிறது. வள்ளுவரும் வாய்மைக்குத் தீமையின்மையையே இலக்கணமாக வைத்தார்; குற்றமற்ற நன்மை தருமாயின் பொய்யும் வாய்மையின் இடம் பெறும் என்றும் இசைந்தார். அகுஸ்தினார் இதற்கு உடன்படார். ஆனால் பொய்யின் கனத்தை, அதனால் துன்புறுவோர் அடையும் தீங்கையும் கொண்டு அளக்க வேண்டும் என்று நம் மறைக்கல்வி நூலும் (எண் 2484) சொல்கிறது. அப்படியானால், நம் தாத்தாவால் துன்புறுவோர் உண்டா?

உண்டு. நாம் அறிந்த மழலையர் பள்ளி ஒன்றில் கிறிஸ்து பிறப்பு விழாவின்போது தாத்தா வந்து, பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பரிசு தருவது வழக்கம். பரிசுகளைப் பெற்றோரே வாங்கி முன்னதாகப் பள்ளியில் கொடுத்துவிடுவர். வசதியுள்ள வீட்டுப் பிள்ளைக்கு மிதிவண்டி. ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இரு மிட்டாய். நடவுக்கும் களையெடுப்புக்கும் செல்லும் தாய் ஒருத்தி, தன் ஆறு வயது மகளைப் பற்றி நம்மிடம் சொன்னாள். அன்றிரவு அவள் உண்ண மறுத்துவிட்டாளாம். "நல்ல பிள்ளைங்களுக்குத்தானே தாத்தா குடுப்பாரு? நான் என்ன தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாளாம். பிறகு குடிலின் முன் முழந்தாளிட்டுக் குழந்தை இயேசுவிடம் மன்னிப்பும் கேட்டாளாம்.

எந்தப் பாவத்திற்கு? ஏழையாய்ப் பிறந்த பாவத்திற்கா?

இங்கேதான் இந்தப் பொய் அன்பையும் நீதியையும் காயப்படுத்துகிறது. நல்லவருக்குப் பரிசு உண்டு, பரிசில்லாதவர் நல்லவரல்லர் என்னும் பாடத்தைச் சிவப்பு அங்கி அணிந்து நாம் கற்பிக்கிறோம். மாட்டுக்கொட்டிலில் பிறந்தவரின் பிறந்தநாளில், வறுமையைக் குற்றமாக்குகிறோம். ஏழைப் பெண்கள் நாணக் கூடாதே என்று இருளில் வந்து கொடுத்துச் சென்றார் மிராவின் ஆயர். அவர் பெயரால், ஒலிபெருக்கியில் பெயர் வாசித்து ஏழைப் பிள்ளையை நாணச் செய்கிறோம். தாத்தா உண்டா இல்லையா என்பதினும், எப்படிப்பட்ட தாத்தாவை உண்டாக்கியிருக்கிறோம் என்பதல்லவா பெருங்கேள்வி?

சோறுண்ணாத பிள்ளையைப் பூச்சாண்டி பிடித்துக்கொண்டு போவான் என்று அச்சுறுத்துவதும், பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்குத் தாத்தா பரிசு தருவார் என்று ஆசை காட்டுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களே. இரண்டிலும் பிள்ளையை ஆளும் சுமையை இல்லாத ஒருவர் தலையில் ஏற்றிவிட்டு நாம் விலகிக்கொள்கிறோம்.

நாம் செய்யக்கூடியவை

அப்படியானால் தாத்தாவை ஊர் எல்லைக்கு வெளியே துரத்திவிடலாமா? வேண்டாம். அவர் ஆடட்டும், பிள்ளைகள் சிரிக்கட்டும். ஆனால் சிலவற்றை மாற்றிக்கொள்வோம்.

முதலாவது, "நல்ல பிள்ளைக்கு மட்டும்" என்னும் சொல்லை அவர் வாயிலிருந்து எடுத்துவிடுவோம். இறைவனின் கொடை நல்லோர்மேலும் தீயோர்மேலும் பொழியும் மழை அன்றோ? இரண்டாவது, பள்ளியிலும் பங்கிலும் தாத்தா கொடுப்பது எல்லாப் பிள்ளைக்கும் ஒன்றுபோல் இருக்கட்டும். பெற்றோர் தம் பிள்ளைக்குக் கொடுப்பதை வீட்டில் தம் கையால் கொடுக்கட்டும். மூன்றாவது, பிள்ளை விளையாடும்வரை நாமும் விளையாடுவோம். பிள்ளை உள்ளபடி கேட்கும் நாளில் உள்ளபடி சொல்வோம்.

எப்படிச் சொல்வது? நம் மகனிடம் அன்றிரவு நாம் சொன்னதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம். "தாத்தா விளையாட்டு, அதை அம்மாவும் அப்பாவும் உனக்காக விளையாடினோம். மெய் என்று உன்னை நம்ப வைத்தது எங்கள் தவறு, மன்னித்துக்கொள். ஆனால் நிக்கோலாஸ் என்ற ஆயர் மெய்யாகவே வாழ்ந்தார். காவல் சம்மனசு விளையாட்டன்று, அதை நாங்களும் நம்புகிறோம், நாங்களும் செபிக்கிறோம்" என்றோம். அவன் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்போ இந்த வருஷம் நானும் தாத்தாவா இருக்கலாமா?" என்று கேட்டான்.

அவ்வாண்டு விழா இரவில், பக்கத்துத் தெருவில் கணவனை இழந்த தாய் ஒருத்தியின் வாசலில் அரிசிப் பையும் பிள்ளைக்கு ஒரு சட்டையும் வைத்துவிட்டு, கதவைத் தட்டாமல் அவனும் நாமும் இருளில் ஓடிவந்தோம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று அவனே நமக்குக் கட்டளையிட்டான். வலக்கை செய்வதை இடக்கை அறியலாகாது என்று ஆண்டவர் கற்பித்ததன் பொருளை, எந்த மறையுரையினும் தெளிவாக அன்று நாம் உணர்ந்தோம். ஆண்டுகள் பல கடந்து, அவன் இசைவோடே இதனை எழுதுகிறோம்.

மேல்சித்தாமூர்ப் பெரியவருக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை. அடுத்த கீதபவனி அவ்வழியே செல்லுமாயின், அவர் திண்ணைக்குச் சென்று சொல்ல விரும்புகிறோம்: "ஐயா, நீங்கள் கேட்டது சரிதான். இனி எங்கள் தாத்தா வானத்திலிருந்து வரமாட்டார். எங்கள் தெருவிலிருந்தே வருவார். எந்தப் பிள்ளையையும் தரம் பிரிக்கமாட்டார்."

இந்தக் கிறிஸ்து பிறப்பு விழாவில் நம் இல்லங்களுக்கும் பங்குகளுக்கும் அத்தகைய தாத்தா வருவாராக. பஞ்சுத் தாடிக்குப் பின்னே இருக்கும் முகத்தை ஒரு நாள் பிள்ளை காண நேர்ந்தால், அங்கே ஏமாற்றிய முகத்தையன்று, அன்பு செய்த முகத்தையே காணட்டும்.